மெர்சிடிஸ் ரேஸ் அணிக்கு எந்த வருடத்தைப் போடுவது?

சரவணம்பட்டி ஸ்லிப்ஸ்ட்ரீம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் காலேஜ் ஆட்டோமொபைல் கிளப்பில் அடுத்த மாதம் ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஒவ்வொரு குழுவும் ஒரு கார் கம்பெனியின் ரேஸ் அணியை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைப் பெரிய போர்டில் எழுதி, பக்கத்தில் ஏதாவது ஒரு மாடல் செய்து வைக்க வேண்டும். எங்களுக்கு வந்தது மெர்சிடிஸ். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தோம், ஆனால் "தொடக்கம்" என்று எழுதி ஒரு வருடத்தைப் போடுவதற்குள்ளேயே குழுவில் வாக்குவாதம் வந்துவிட்டது.

ஒருத்தன் 1954 என்கிறான், ஃபார்முலா 1-ல் மெர்சிடிஸ் இறங்கியது அந்த வருடம்தான் என்பது அவன் கணக்கு. இன்னொரு பெண் 1934 என்கிறாள், மெர்சிடிஸின் வெள்ளி நிற ரேஸ் கார்களுக்கு வெள்ளி அம்புகள் என்ற பெயரே அப்போதுதான் வந்தது என்று. மூன்றாமவன் இரண்டும் கிடையாது, இப்போது ஓடுகிற அணி டிரெல் என்ற பழைய இங்கிலாந்து அணியின் வழியில் வந்தது, அதனால் 1970 என்று போடு என்கிறான். 2010 என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஃபார்முலா 1 பார்க்க ஆரம்பித்ததே ஹாமில்டன் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில், அதனால் அதற்கு முன்னால் நடந்தது எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

1955-ல் உலக சாம்பியன் ஃபான்ஜியோ ஓட்டிய அணியும் இப்போது இருக்கும் அணியும் ஒன்றா, வேறா? நடுவில் அவ்வளவு வருடம் ஏன் காணாமல் போனார்கள்? அப்புறம் ஒரு சின்ன ஆசை. கோயம்புத்தூரில் வைக்கிற கண்காட்சி என்பதால் நம்ம ஊர் சம்பந்தமாக ஒரு வரியாவது இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் வலிந்து ஒட்டியதாக இருக்கக் கூடாது. தெரிந்த அண்ணன்மார்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.


கணபதி லேத்:

தம்பி, நீங்கள் எல்லாரும் சொல்கிற வருடங்களுக்கு முன்னாலேயே போக வேண்டும். 1908-ல் பிரான்சில் டியெப் என்ற ஊரில் நடந்த கிராண்ட் பிரீயை மெர்சிடிஸ் கார்தான் ஜெயித்தது, ஓட்டியவர் கிறிஸ்டியன் லாட்டன்ஷ்லாகர். 1914 ஜூலையில் லியோன் பக்கம் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. முதல் உலகப்போர் வெடிக்க அப்போது சில வாரம்தான் பாக்கி. மெர்சிடிஸ் காரைச் செய்துவந்த டெய்ம்லர் கம்பெனியும் பென்ஸும் ஒன்றாகச் சேர்ந்ததே 1926-ல்தான் என்பதால் கம்பெனியின் இன்றைய பெயர் வருவதற்கு முன்பே ரேஸ் வந்துவிட்டது. ஆகவே கம்பெனியின் ரேஸ் வரலாறு என்று தலைப்பு வைத்தால் 1954 என்று தொடங்குவது சரியாகாது.

1934-ல் வந்த விதி, டயர், எண்ணெய், டிரைவர் எல்லாம் இல்லாமல் காரின் எடை 750 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது. எஞ்சின் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. எடையைக் குறைத்தால் வேகம் குறையும் என்று விதி எழுதியவர்கள் நினைத்தார்கள், நடந்தது நேர் எதிர். 1937-ல் வந்த டபிள்யூ 125 என்ற காரில் 5.6 லிட்டர் எஞ்சின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர், கிட்டத்தட்ட 600 குதிரைத்திறன். அந்தக் காலத்து ஒல்லி டயரில் அந்தச் சக்தியைத் தரையில் இறக்கிய டிரைவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ருடால்ஃப் கராசியோலா 1935, 1937, 1938 என்று மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன். இதில் ஒன்றைப் போர்டில் மறைக்காமல் எழுதுங்கள். மெர்சிடிசுக்கும் எதிரணியான ஆட்டோ யூனியனுக்கும் ஹிட்லர் அரசு பணம் கொடுத்தது. ஜெர்மனியின் பெருமையைக் காட்டத்தான் கொடுத்தது. அந்த வெற்றிகளைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் அது பாதி வரலாறுதான்.

சரி, 1954-க்கு வருகிறேன், என் தொழிலுக்கு நெருக்கமான பகுதி அதுதான். டபிள்யூ 196 என்ற கார் ஜூலை 4-ம் தேதி பிரான்சில் ரைம்ஸ் தடத்தில் முதல்முறையாக இறங்கியது. சக்கரத்தை எல்லாம் மூடிய வழுவழு உடல். ஃபான்ஜியோ முதலிடம், கார்ல் கிளிங் இரண்டாமிடம். அடுத்த ரேஸ் சில்வர்ஸ்டோன், அங்கே வளைவுகளில் எண்ணெய் டிரம்களை அடையாளத்துக்கு வைத்திருந்தார்கள். மூடிய உடலில் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஃபான்ஜியோ டிரம்களில் இடித்து இடித்து முகப்பை நசுக்கிக்கொண்டு நாலாவதாக வந்தார். உடனே சக்கரம் வெளியே தெரிகிற உடலைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருடத்தில் உலக சாம்பியன்ஷிப் ரேஸ் 12-ல் இறங்கி 9-ஐ ஜெயித்தது அந்தக் கார்.

மாடல் செய்யப் போகிறோம் என்று சொன்னீர்கள். அந்த எஞ்சினின் வால்வைச் செய்யுங்கள், முழுக் காரைச் செய்வதைவிட அது பார்ப்பவர்களை நிறுத்தி வைக்கும். சாதாரண எஞ்சினில் கேம் (சுற்றும் முட்டை வடிவத் துண்டு) போய் வால்வைத் திறக்கும், திரும்ப மூடுவது ஸ்பிரிங். சுற்று ஏற ஏற ஸ்பிரிங்கால் கேமோடு ஓட முடியாது, வால்வு முழுதாக மூடுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும், பிஸ்டனில் அடிபட்டு எல்லாம் போய்விடும். அன்றைக்குக் கிடைத்த ஸ்பிரிங் எஃகு அடிக்கடி உடையவும் செய்யும். மெர்சிடிஸ்காரர்கள் ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டார்கள். ஒரு கேம் திறக்கும், இன்னொரு கேம் ராக்கர் என்ற ஒரு நெம்புகோலைப் பிடித்து வால்வை இழுத்து மூடும். டெஸ்மோட்ரோமிக் என்று பெயர். இதில் இரண்டு கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழை பிசகினாலும் ஒன்று வால்வு வளையும், இல்லை கேம் தேயும். இன்றைக்கு சி.என்.சி. வைத்துக்கொண்டு கேம் கிரைண்டிங் செய்கிற எனக்கே அதை ஆயிரக்கணக்கான சுற்றில் நம்பி ஓட்டினார்கள் என்பது பெரிய விஷயம். 1954-ல் கை அளவையை நம்பிச் செய்திருக்கிறார்கள்.

அந்த எஞ்சினில் இன்னொன்றும் உண்டு. வரிசையாக எட்டு சிலிண்டர், 2.5 லிட்டர். நீளமான கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முறுக்கிக்கொள்ளும் என்பதால் கடைசி முனையிலிருந்து சக்தியை எடுக்காமல் நாலு சிலிண்டர் இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம் என்று பிரித்து நடுவில் கியர் போட்டு எடுத்தார்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வேறு, போர்க்கால விமான எஞ்சினில் பழகிய வித்தை அது. எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்ததால் பானெட் தாழ்ந்தது. இதற்கெல்லாம் மூளை ருடால்ஃப் ஊலன்ஹவுட், அணியைக் கட்டி மேய்த்தவர் ஆல்ஃப்ரெட் நொய்பாவர். நொய்பாவர் போருக்கு முன்னாலும் மேலாளர், 1955-லும் மேலாளர். அதனால் 1934-ம் 1954-ம் ஒரே அணிதான் என்பது என் கருத்து. இப்போது இங்கிலாந்தில் இருப்பதைப் பற்றி செட்டிபாளையம் தம்பி சொல்லட்டும், அவர்தான் அதை விடாமல் பார்ப்பவர்.


செட்டிபாளையம் பிட்லேன்:

அண்ணா கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன்.

தோழரே, உங்கள் குழுவில் டிரெல் என்று சொன்னவர் விஷயம் தெரிந்தவர். கென் டிரெல் இங்கிலாந்தில் மர வியாபாரி. ஆக்கம் என்ற ஊரில் அவருடைய மரக்கிடங்கில் இருந்த ஒரு மரக் கொட்டகைதான் அணியின் பட்டறை. அங்கிருந்து கிளம்பி ஜாக்கி ஸ்டூவர்ட்டை மூன்று முறை உலக சாம்பியன் ஆக்கினார். 1969-ல் மாத்ரா காரில், 1971-லும் 1973-லும் சொந்தக் காரில். டெரெக் கார்ட்னர் அந்த முதல் சொந்தக் காரை 1970-ல் தன் வீட்டில் ரகசியமாக உருவாக்கினார். 1976-ல் ஆறு சக்கரம் வைத்த பி34 வந்தது, முன்னால் 10 அங்குலத்தில் நாலு குட்டிச் சக்கரம். அதை வேடிக்கைப் பொருளாகப் படம் போட்டு விட்டுவிடுகிறார்கள், ஆனால் அந்தக் கார் ஸ்வீடனில் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தது. அந்த அளவு டயரை டயர் கம்பெனி தொடர்ந்து மேம்படுத்தவில்லை, அதனால் கைவிடப்பட்டது. கடைசி வெற்றி 1983 டெட்ராய்ட், மிக்கேலே அல்போரெட்டோ. அதற்கப்புறம் பணம் இல்லாமல் தேய்ந்து தேய்ந்து, 1997 கடைசியில் ஒரு சிகரெட் கம்பெனிக்கு விற்றார்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். வாங்கியவர்கள் அந்த மரக்கிடங்குக்குப் போகவில்லை. ரேஸில் கலந்துகொள்ளும் இடத்தைத்தான் வாங்கினார்கள் என்றே சொல்லலாம். நார்தாம்ப்டன்ஷயரில் ப்ராக்லி என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை கட்டி, பி.ஏ.ஆர் என்ற பெயரில் 1999-ல் இறங்கினார்கள். முதல் வருடம் ஒரு பாயின்ட் கூடக் கிடையாது, அதுவும் உலக சாம்பியன் ஜாக் வில்னாவ் ஓட்டியும். 2004-ல் அதே அணி கன்ஸ்ட்ரக்டர் பட்டியலில், அதாவது டிரைவர்களுக்கு இல்லாமல் அணிகளுக்கான பட்டியலில், இரண்டாவது. 2006-ல் ஹோண்டா முழுதாக எடுத்துத் தன் பெயரை வைத்தது, அந்த வருடமே ஹங்கேரி மழையில் ஜென்சன் பட்டன் ஜெயித்தார். அப்புறம் இரண்டு மோசமான வருடம். 2008 டிசம்பரில், உலகமே பொருளாதார நெருக்கடியில் இருந்தபோது, ஹோண்டா ஒரே அறிவிப்பில் வெளியேறியது.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்குத் தீராது. 2008 காரைப் பாதியிலேயே கைவிட்டு, 2009 புது விதிகளுக்கான காரில்தான் முழுக் கவனத்தையும் வைத்திருந்தார்கள். கார் தயார், கம்பெனி இல்லை. ராஸ் ப்ரான் தலைமையில் நிர்வாகிகள் ஒரு பவுண்டுக்கு அணியை எடுத்து, ப்ரான் என்றே பெயர் வைத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ஹோண்டா எஞ்சினுக்காக வரைந்த சேஸிஸில் மெர்சிடிஸ் எஞ்சின் அப்படியே உட்காராது, அதனால் பின்பகுதியை அறுத்து மாற்றிப் பொருத்தினார்கள். மார்ச் மாதம் பார்சிலோனா சோதனைக்கு வந்த கார் வெள்ளையாக, ஸ்பான்சர் பெயர் ஏதும் இல்லாமல் வந்தது, வந்த உடனே மற்றவர்களைவிட வேகம். மெல்போர்னில் பட்டன் முதல், அணியின் இன்னொரு டிரைவர் பாரிக்கெல்லோ இரண்டாவது. முதல் 7 ரேஸில் 6 பட்டனுக்கு. காரின் அடியில் காற்றை வெளியேற்றி காரைத் தரையோடு அழுத்தும் இரட்டை டிஃப்யூசர் ஒரு காரணம், ஆனால் அது டொயோட்டாவிலும் வில்லியம்ஸிலும்கூட இருந்தது, அவர்கள் சாம்பியன் ஆகவில்லையே. டிரைவர் பட்டம், கன்ஸ்ட்ரக்டர் பட்டம் இரண்டும் ப்ரான் அணிக்கு. அந்த வருட நவம்பரில் மெர்சிடிஸின் தாய்க் கம்பெனி டெய்ம்லரும் அபுதாபியின் ஆபார் நிறுவனமும் சேர்ந்து 75.1 சதவீதத்தை வாங்கியதாக அறிவித்தார்கள், 2010-ல் மெர்சிடிஸ் என்று பெயர் வந்தது.

நம்ம ஊரில் ஒரு மில் கை மாறினால் கேட்டில் போர்டு மாறும், முதலாளி மாறுவார், ஆனால் ஃபிட்டரும் மேஸ்திரியும் மெஷினும் அதேதான், நூலின் தரம் அவர்கள் கையில். ப்ராக்லியும் அப்படித்தான். ஆண்ட்ரூ ஷொவ்லின் பி.ஏ.ஆர் காலத்தில் சேர்ந்தவர், 2009-ல் பட்டனின் ரேஸ் எஞ்சினியர், மெர்சிடிஸ் ஜெயித்தபோதும் அங்கேதான். ரான் மெடோஸ் பி.ஏ.ஆரின் தொடக்கத்திலிருந்து இருப்பவர். இப்போது வில்லியம்ஸ் அணித் தலைவராக இருக்கும் ஜேம்ஸ் வௌல்ஸும் பி.ஏ.ஆரில் நுழைந்து, ஹோண்டா, ப்ரான், மெர்சிடிஸ் என்று எல்லாப் பெயரிலும் அங்கேயே வேலை பார்த்தவர். அதனால் என்னைக் கேட்டால் இன்றைய அணியின் வருடம் 1999, இடம் ப்ராக்லி. 1970 என்பது ரேஸில் கலந்துகொள்ளும் இடத்தை வாங்கிய வழியில் வந்த உறவு. 1954 ஜெர்மனியில் மெர்சிடிஸின் தலைமையகம் இருக்கும் ஸ்டுட்கார்ட்டின் கதை. கணபதி அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊர் சம்பந்தம் கேட்டீர்கள், வலிந்து ஒட்டவே வேண்டாம், நேராகவே இருக்கிறது. நம்ம கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டியது ஜோர்டான் அணி, அப்போது டொயோட்டா எஞ்சின். ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். டயர் பிரச்சினையால் ஆறே கார் ஓடிய இண்டியானாபோலிஸில் நாலாவதாக வந்து 5 பாயின்ட் எடுத்தார். அந்த ஜோர்டான்தான் மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயின்ட், ஆஸ்டன் மார்ட்டின் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. இடம் சில்வர்ஸ்டோன் வாசலிலேயே, ஆரம்பத்திலிருந்து மாறவில்லை. 2009-லிருந்து பல வருடம் அவர்கள் காரில் இருந்தது மெர்சிடிஸ் எஞ்சின். ஆக கார் கம்பெனி பெயர் ஒன்று, அணி இன்னொன்று என்பதைக் காட்ட நாராயண் அணியே நல்ல உதாரணம். அவரே ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர். மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து அந்தக் காரை உருவாக்கியவர் நம்ம எஸ். கரிவர்தன், செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயர்தான். போர்டின் ஓரத்தில் இதற்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.


ஈரோடு ஓவர்ஸ்டியர்:

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் 1955-க்கும் 2010-க்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் அதையும்தான் கேட்டார்.

1955 ஜூன் 11, லே மான் 24 மணி நேர ரேஸ். மைக் ஹாதார்ன் தன் ஜாகுவாரைப் பிட்டுக்கு (எண்ணெய் நிரப்பி டயர் மாற்றும் இடத்துக்கு) திருப்ப பிரேக் போட்டார், பின்னால் வந்த லான்ஸ் மேக்லினின் ஆஸ்டின் ஹீலி விலகியது, அதன் மேல் பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர் ஏறிப் பறந்து தடுப்பில் மோதிச் சிதறியது. துண்டுகள் கூட்டத்துக்குள் போயின. உடலில் மெக்னீசியம் கலந்த உலோகம், தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும். லெவெக்கும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். ஃபான்ஜியோவும் ஸ்டிர்லிங் மாஸும் ஓட்டிய இன்னொரு மெர்சிடிஸ் முன்னணியில் இருந்தது, ஸ்டுட்கார்ட்டிலிருந்து உத்தரவு வந்து நள்ளிரவுக்குப் பின் காரை நிறுத்திக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தட ரேஸையே தடை செய்தது.

இதனால்தான் மெர்சிடிஸ் ரேஸை விட்டது என்று எல்லா இடத்திலும் ஒற்றை வரியில் எழுதுகிறார்கள். நீங்களும் அப்படி எழுதிவிடாதீர்கள். அதே வருடம் ஜூலையில் எய்ன்ட்ரீயில் மாஸ் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை ஜெயித்தார், செப்டம்பரில் மோன்ஸாவில் ஃபான்ஜியோ, அக்டோபரில் சிசிலியில் டார்கா ஃப்ளோரியோவை மாஸும் பீட்டர் காலின்ஸும் ஜெயித்து ஸ்போர்ட்ஸ் கார் பட்டத்தையும் எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஜெயித்த பிறகுதான் நிறுத்தினார்கள். சாலைக் கார் செய்ய அந்த எஞ்சினியர்கள் தேவைப்பட்டார்கள், ரேஸில் நிரூபிக்க மேற்கொண்டு ஒன்றும் இல்லை. லே மான் அந்த முடிவுக்கு மேல் ஒரு பெரிய துக்கத்தை வைத்தது.

திரும்பி வந்த வழியும் முக்கியம். 80-களில் ஸ்விட்சர்லாந்தின் சாவ்பர் அணிக்கு எஞ்சின் கொடுத்து மெல்ல வந்தார்கள், 1989-ல் லே மானை ஜெயித்தார்கள், வெள்ளி நிறத்தில். ஷூமாக்கரை வளர்த்த அணியும் அதுதான். ஆனால் என் பார்வையில் இன்றைய மெர்சிடிஸின் இதயம் ப்ராக்லியில் இல்லை, அதே மாவட்டத்தில் ப்ரிக்ஸ்வொர்த்தில் இருக்கிறது. மாரியோ இல்லியனும் பால் மோர்கனும் தொடங்கிய இல்மார் என்ற எஞ்சின் கம்பெனி. 1994 இண்டியானாபோலிஸ் 500-க்காக மட்டும் ஒரு எஞ்சின் செய்தார்கள். புஷ்ராட் (வால்வைக் கம்பியால் தள்ளித் திறக்கும் பழைய முறை) வைத்த எஞ்சினுக்கு அதிக அளவும் அதிக பூஸ்ட்டும், அதாவது டர்போவின் காற்றழுத்தமும், அனுமதி உண்டு என்று விதியில் இருந்தது. அது பழைய உற்பத்தி எஞ்சின்களை மனதில் வைத்து எழுதிய விதி, இவர்கள் அதற்கென்றே புதிதாக ஒன்றை ரகசியமாகச் செய்து மெர்சிடிஸ் பெயரில் இறக்கினார்கள், அல் அன்சர் ஜூனியர் ஜெயித்தார். ஒரே ரேஸ். அதற்கப்புறம் அந்த எஞ்சின் ஓடவே இல்லை, விதியை மாற்றிவிட்டார்கள். 1995-லிருந்து மெக்லாரனுக்கு எஞ்சின், 1998-லும் 1999-லும் ஹாக்கினன் சாம்பியன், 2008-ல் ஹாமில்டன். எல்லாம் இந்தப் பட்டறையின் எஞ்சின். 2005-ல் மெர்சிடிஸ் முழுதாக வாங்கிக்கொண்டது. ப்ரான் காரில் உட்கார்ந்ததும் இதே இடத்து எஞ்சின்தான். அதனால் 1994-ஐயும் போர்டில் போடாமல் விட்டால் நான் நேரில் வந்து கேட்பேன்.


சரவணம்பட்டி ஸ்லிப்ஸ்ட்ரீம்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். குழுவில் இதைப் படிக்க வைத்தேன், இப்போது போர்டை இரண்டு கோடாக வரையலாம் என்று முடிவு. மேலே ஸ்டுட்கார்ட் கோடு, கீழே இங்கிலாந்து கோடு, 2010-ல் இரண்டும் சேரும். ப்ரிக்ஸ்வொர்த்தை நடுவில் ஒரு கிளையாகப் போடுகிறோம். வால்வு மாடலுக்கு ஒருத்தன் ஏற்கெனவே அக்ரிலிக் வெட்டக் கிளம்பிவிட்டான்.

இன்னும் இரண்டு விஷயம். வெள்ளி அம்பு என்ற பெயருக்குக் காரணம், 1934-ல் கார் ஒரு கிலோ எடை கூடிப்போய், ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை பெயின்டைச் சுரண்டி எடுத்ததால் அலுமினியம் தெரிந்தது என்று படித்தோம். அதைப் பெரிய எழுத்தில் போடலாமா? அப்புறம் 2014-லிருந்து யாராலும் நெருங்க முடியாத அளவுக்கு ஜெயித்ததற்கு எஞ்சின்தான் காரணம் என்கிறார்கள், எஞ்சினில் அப்படி என்ன இருந்தது?


செட்டிபாளையம் பிட்லேன்:

எஞ்சினை நான் சொல்கிறேன், பெயின்டை அண்ணாவுக்கு விடுகிறேன்.

2014-ல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட் விதி வந்தது. ஒரு ரேஸுக்கு 100 கிலோ பெட்ரோல்தான், அது எஞ்சினுக்குள் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பாயவும் கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவு பெட்ரோல் என்றால் அதை வீணாக்காதவன்தான் ஜெயிப்பான். வழக்கமான டர்போவில் எஞ்சின் புகையால் சுற்றும் சூடான டர்பைனும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரும் ஒட்டி இருக்கும், அந்தச் சூடு காற்றுக்கும் ஏறும். ப்ரிக்ஸ்வொர்த்காரர்கள் இரண்டையும் பிரித்து கம்ப்ரஸரை எஞ்சினுக்கு முன்னாலும் டர்பைனைப் பின்னாலும் வைத்து, வி வடிவத்தின் நடுவே நீளமான ஷாஃப்ட் விட்டு, அதிலேயே புகையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மோட்டாரையும் பொருத்தினார்கள். காற்று குளிர்ச்சியாக வந்ததால் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சின்னதாகப் போதும், குழாய்கள் குட்டையாகும், காரின் பக்கவாட்டையும் ஒடுக்கலாம். அந்த நீள ஷாஃப்ட்டை அத்தனை சுற்றில் அதிராமல் ஓட வைப்பதுதான் கஷ்டம், அதை முடித்துவிட்டார்கள். 2014-ல் 19 ரேஸில் 16 வெற்றி. 2017-ல் சோதனை மேடையில் 50 சதவீதத்துக்கு மேல் வெப்பத் திறனைத் தொட்டார்கள். எரித்த பெட்ரோலில் பாதிக்கு மேல் வேலையாக மாறியது என்று அர்த்தம். நாம் ஓட்டுகிற பெட்ரோல் கார் அதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் எஞ்சின் மட்டும் என்று எழுதாதீர்கள். அதே எஞ்சினை வில்லியம்ஸும் ஃபோர்ஸ் இந்தியாவும் மெக்லாரனும் அந்த வருடம் வைத்திருந்தார்கள், ஒருவரும் ஒரு ரேஸ் ஜெயிக்கவில்லை. 2014 முதல் 2021 வரை எட்டு வருடமும் கன்ஸ்ட்ரக்டர் பட்டம் ப்ராக்லிக்கு. இன்னொன்று, கன்ஸ்ட்ரக்டர் பட்டம் என்பதே 1958-ல்தான் தொடங்கியது. ஃபான்ஜியோ காலத்து மெர்சிடிசுக்கு அந்தப் பட்டம் இருக்கவே முடியாது. ஆகையால் எட்டையும் கீழ்க் கோட்டில் எழுதுங்கள், மேல் கோட்டில் அல்ல. இரண்டு கோடும் சேர்ந்த பிறகு வந்த முதல் வெற்றி 2012 சீனாவில் ரோஸ்பெர்க், அதற்கு முந்தைய மெர்சிடிஸ் அணி வெற்றி மோன்ஸா 1955. அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நன்றாக இருக்கும்.


கணபதி லேத்:

தம்பி, பெயின்ட் கதையைப் பெரிய எழுத்தில் போடாதீர்கள். அழகான கதைதான், நொய்பாவர் பல வருடம் கழித்து எழுதிய நினைவுகளில் அப்படிச் சொல்லியிருக்கிறார், ஓட்டிய மான்ஃப்ரெட் ஃபான் ப்ராவுஹிட்ஷும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படுவது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் 1934 ஜூன் 3 ஐஃபெல் ரேஸ். அந்த ரேஸ் 750 கிலோ விதியில் நடக்கவில்லை, எடைக் கட்டுப்பாடு இல்லாத திறந்த ரேஸ். அப்படியிருக்க ஒரு கிலோவுக்காக எதற்கு ராத்திரி முழுக்கச் சுரண்ட வேண்டும்? ஆட்டோ யூனியன் கார்களும் அதே வருடம் வெள்ளியாகத்தான் ஓடின, அவற்றில் யாரும் எதையும் சுரண்டியதாகக் கதை இல்லை. 1932-லேயே இதே ப்ராவுஹிட்ஷ் பெர்லின் அவுஸ் தடத்தில் பெயின்ட் அடிக்காத அலுமினிய உடல் வைத்த மெர்சிடிஸில் ஜெயித்திருக்கிறார்.

கதையைப் போடத்தான் வேண்டும் என்றால் "நொய்பாவர் சொன்ன கதை" என்று தலைப்பு வைத்து, கீழேயே அந்த ரேஸின் விதியையும் எழுதிவிடுங்கள், பார்க்கிறவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

செட்டிபாளையம் தம்பி சொன்ன எட்டுப் பட்டக் கணக்கு சரி, கீழ்க் கோட்டிலேயே போடுங்கள், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மேல் கோடு 1955-ல் நிற்பதாக வரையாமல் விட்டு விட்டுப் புள்ளியாக 2010 வரை இழுங்கள், நடுவில் 1989 லே மானைக் குறியுங்கள். அக்ரிலிக் வால்வில் மூடும் கேமுக்கு வேறு நிறம் கொடுங்கள், இல்லாவிட்டால் சுற்றும்போது எது திறக்கிறது, எது மூடுகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கேம் வடிவத்தை வரைந்து அனுப்பினால் நான் பார்த்துத் தருகிறேன், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறையில்தான் இருப்பேன்.